மூச்சு வாங்கவில்லை என்று புகார்

அடுத்தவர் உடம்பைப் படியேற்றுவது என் வேலை. கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

விடியும்போது கம்பெனிக்குப் போவேன். ஒரு வணிக வளாகத்தின் நான்காவது மாடி. ரத்த தானம் எடுக்கும் இடத்தைப் போல வரிசையாகக் கட்டில்கள். தலையில் ஒரு குல்லாவை மாட்டி, உருண்டு விழாமல் இடுப்பில் பட்டை போட்டுக் கட்டுவார்கள். இங்கே என் கண்ணை மூடினால், எதிர்ச் சாலையில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தில், இருபத்திரண்டாவது மாடியில், வைதேகி மேடத்தின் கண்ணைத் திறப்பேன். அவர் எழுந்திருக்க மாட்டார். அவருடைய உடம்பு மட்டும் எழுந்து, பல் துலக்கி, காலில் ஷூவை மாட்டிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் கோகுலவாசன் விளக்கமாகத்தான் சொன்னார்.

"அவங்க தூங்கிட்டே இருப்பாங்க தனபாக்கியம்மா. ஆபீஸ், மீட்டிங்னு அவங்களுக்கு நேரமே இல்ல. உடம்பு மட்டும் எழுந்து எக்சர்சைஸ் பண்ணும். பண்றது நீங்க. பலன் அவங்களுக்கு."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குச் சம்பளம்."

"அதில்ல சார். என் உடம்புக்கு?"

"அது இங்க படுத்திருக்கும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சேர்ந்தேன். பகலெல்லாம் கட்டிட வேலையில் கலவைச் சட்டி சுமக்கிறவள் நான். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் சுமை ஏற்றக்கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுமையை இறக்கிவிட்டு என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. கம்பெனியில் இப்போதைக்குக் காலையில் மட்டும்தான் வேலை. நன்றாக ஓட்டினால் முழு நேரமும் தருவோம் என்றார் கோகுலவாசன். முழு நேரம் கிடைத்தால் சட்டியை நிரந்தரமாகக் கீழே வைத்துவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மேடத்தின் உடம்பு நல்ல உடம்பு. முட்டி கத்தாது. பாதம் இட்லி போல இருக்கும். கழுத்துதான் பாவம், எந்நேரமும் எதையோ எட்டிப் பார்ப்பது போல முன்னால் நீட்டிக்கொண்டே கெட்டிப்பட்டிருந்தது. கண் எனக்குப் பிடித்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது நாற்பதுக்கு மேல். கற்று முடிப்பதற்குள் என் கண் மங்கிவிட்டது. மேடத்தின் கண்ணில், மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு அறிவிப்பின் பொடி எழுத்துகூடக் கழுவி வைத்தது மாதிரி தெரியும். தினமும் அதை ஒரு முறை படித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

மேடத்தின் வீட்டில், நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் ஒன்று இருந்தது. அதன் மேல் துணி காய்ந்தது. குதிக்கலாம் என்றால் கீழ் வீட்டுக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்திருந்தார். ஆகவே மாடிப்படிதான். லிஃப்ட் இருக்கிற கட்டிடத்தில் படிக்கட்டுக்கு யார் வருவார்கள்? அந்த நேரத்தில் அங்கே ஏறி இறங்கிய உடம்புகள் எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள். பேசக்கூடாது என்பது விதி.

ஒரு நாள் எனக்கு மேலே ஒரு கனத்த அம்மாள் ஏறிக்கொண்டிருந்தார். பேங்கில் பெரிய அதிகாரி. கைப்பிடியைத் தொடவில்லை. பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சை முழுதாக விட்டுவிட்டு ஏறினார். சுமை தூக்கினவள்தான் அப்படி ஏறுவாள்.

"யாரு, எஸ்தரா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அந்த அம்மாள் திரும்பினார். கான்வென்ட்டில் படித்த தொண்டையிலிருந்து எங்கள் குடியிருப்புக் குரல் வந்தது. "யக்கா! நீயா? இன்னாக்கா இவ்ளோ செவப்பா ஆயிட்டே?"

அப்புறம் தினமும் பதினாலாவது மாடித் திருப்பத்தில் உட்காருவோம். எஸ்தர் எங்கள் பிளாக்கிலேயே கீழ் வீடு. நாங்கள் இருவரும் ஒரே மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர்கள்.

"இந்தம்மாக்குக் குத்த வெச்சு உக்காரவே தெரிலக்கா. மொத நாளு முட்டி ரெண்டும் பட்டாசு மாறி வெடிச்சிது. இப்ப பாரு, ஜம்முனு உக்காந்துக்கினுகீது."

"ஆபீஸ்லயும் இப்படி உட்கார்ந்துரப் போறாங்கடி."

"உக்காரட்டுமே. நாற்காலி மிச்சம்."

இப்படி மூன்று மாதம் போனது. அப்புறம் கோகுலவாசன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு கோடு தரையில் படுத்த பாம்பு மாதிரி நீளமாகக் கிடந்தது.

"இது மேடத்தோட ஹார்ட்டு. தினமும் இருபத்திரண்டு மாடி ஏறி இறங்குறீங்க. ஆனா ஹார்ட்டுக்கு ஒரு மாடி ஏறின மாதிரிகூடத் தெரியல. எடை குறையல. மூச்சே வாங்கல. மேலிடத்துலேர்ந்து கேக்குறாங்க."

"மூச்சு வாங்காம ஏறினா நல்லதுதான சார்?"

"உங்களுக்கு நல்லது. எங்களுக்குப் புகார்."

"நான் ஏமாத்தல சார். ஒரு படி விடல."

"படியை ஏமாத்தல. உடம்பை ஏமாத்துறீங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். "உழைச்சவங்களா இருந்தா சோம்பல் இருக்காதுன்னு தேடிப் புடிச்சு எடுத்தோம். வந்தவங்க அத்தனை பேருக்கும் இதே கோடு. நீங்க எல்லாரும் துளி சக்திகூடச் செலவு பண்ணாம வேலையை முடிச்சிடுறீங்க. எலும்பு மேல சாஞ்சு, மூச்சைப் பாத்துப் பாத்து. சதைக்கு வேலையே இல்ல. எக்சர்சைஸ்னா சக்தி வீணாகணும்மா. அதுக்குத்தான் அவங்க காசு கட்டுறாங்க."

எனக்கு அது புரியவே நேரமாயிற்று. எங்களுக்கு யாரும் நடக்கக் கற்றுத்தரவில்லை. சட்டியோடு ஏறும்போது வலித்த வழியை விட்டுவிட்டோம், வலிக்காத வழியை வைத்துக்கொண்டோம். காலைத் தேவைக்கு மேல் தூக்குவதில்லை. மேலே எத்தனை படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மூச்சு தீருவதற்கு முன்னாலேயே அடுத்த மூச்சை எடுத்துவிடுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் தண்ணீர் தூக்கி, சோறு வடிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

"மாத்திக்கிட்டவங்களுக்கு முழு நேரம்," என்றார் கோகுலவாசன். "மாத்திக்க முடியாதவங்களை வெச்சுக்க முடியாது."

எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் படிக்கட்டில் அந்த அதிகாரி அம்மாளின் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"முப்பது வருசம் கஷ்டப்பட்டு நான் கத்துக்கினதே கஷ்டப்படாம இருக்கறதுக்குத்தான்க்கா. அதைப் போயி மறன்னா? எந்த ஊரு நாயம்?"

"உனக்கு இடுப்பு நல்லா இருக்கு. பேசறே."

"இடுப்பு நல்லா கீறதே அதனாலதான். நீ வோணா பாரு, இது வெளாட்டு இல்ல." அவள் எழுந்தாள். "சரி, நான் போறேன். இந்தம்மாவைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டுப் போணும்."

அவள் மறுபடி கம்பெனிக்கு வரவில்லை. எனக்கு முழு நேரம் வேண்டியிருந்தது.

வீணாக்குவது லேசில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சாக்கடையில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. ஓடப் பார்த்தேன். நாலு படி ஓடியதும் மேடத்தின் கால் தானாகவே என் நடைக்கு வந்துவிடும். கையைத் தூக்கிக் குதித்தேன். கை தூக்கியதற்கே வெட்கமாக இருந்தது. கோடு அசையவில்லை.

அப்புறம், என் ஆயுளில் நான் எதையும் மிச்சம் பிடிக்காமல் ஓடிய நாள் எது என்று யோசித்தேன். ஒன்று இருந்தது. ஆற்றோரத்தில் எங்கள் வீடுகளை இடித்த நாள். வேலைக்குப் போயிருந்தேன். யாரோ வந்து சொன்னார்கள். நான் ஓடி வந்து சேரும்போது மண்வாரி வண்டி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. உள்ளே போய் குக்கரையும் கணவரின் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி ஓடினேன். அன்றைக்கு என் கால்களை எவ்வளவு தூக்கினேன், மூச்சை எங்கே விட்டேன் என்று ஒன்றும் தெரியாது.

அடுத்த நாள் மேடத்தின் உடம்பில், படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, அந்த வண்டிச் சத்தத்தை நினைத்தேன்.

உடம்பு பாய்ந்தது. எட்டாவது மாடியில் வாய் திறந்துகொண்டது. பத்தாவது மாடியில் வியர்வை கண்ணில் இறங்கியது. இருபத்திரண்டில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேடத்தின் நெஞ்சு எனக்கே கேட்கும்படி அடித்தது. நான் கட்டிலில் கண் திறந்தபோது கோகுலவாசன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கோடு மலை மாதிரி ஏறிருச்சு! என்ன பண்ணீங்க?"

"ஓடினேன் சார்."

அதற்குப் பிறகு தினமும் எங்கள் வீட்டை இடித்தேன். சில நாள் நினைப்பு மழுங்கிப்போகும். அப்போது கூடவே இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வேன். கணவர் உள்ளே படுத்திருக்கிறார், நான் இன்னும் போய்ச் சேரவில்லை என்று. உண்மையில் அன்றைக்கு அவர் வெளியே டீக்கடையில் இருந்தார். ஆனாலும் உடம்பு நம்பியது. மேடத்தின் எடை குறைந்தது. இடுப்பு இறங்கியது. நிலைக்கண்ணாடியைக் கடக்கும்போது பார்ப்பேன், நன்றாகத்தான் இருந்தார்.

கட்டிட சைட்டில்தான் எனக்கு முதலில் மாற்றம் தெரிந்தது. சட்டியோடு ஏறும்போது மூச்சு வாங்கியது. நடு ஏற்றத்தில் நின்றேன். முப்பது வருடத்தில் நான் நடு ஏற்றத்தில் நின்றதில்லை.

"ஏம்மா, பின்னாடி நாய் தொரத்துதா? ஏன் இந்த ஓட்டம்?" என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் நான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. கோகுலவாசனிடம் கேட்டேன்.

"உடம்பு ரெண்டு இருந்தாலும் மூளை ஒண்ணுதானம்மா," என்றார். "அங்க பழகினா இங்கயும் வரத்தான் செய்யும். கொஞ்ச நாள்தானே? ஒண்ணாந் தேதிலேர்ந்து உங்களுக்கு முழு நேரம். சட்டியை விட்டுடப் போறீங்க."

ஒன்றாம் தேதி வரை உடம்பு தாங்கவில்லை. அதற்கு முந்தின வாரம் பக்கத்துக் கட்டிடத்தில் பழைய சுவர் ஒன்றை இடித்தார்கள். சத்தம் கேட்டதும் தலையில் சட்டியோடு நான் பாய்ந்தேன். மேலே பாய்ந்தேனா கீழே பாய்ந்தேனா என்று நினைவில்லை. கலவை என் மேலேயே கொட்டியது. இடுப்பில் ஏதோ நழுவியது. எலும்பு முறியவில்லை என்றார்கள். ஆனால் மேஸ்திரி இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆற்றோர வீட்டை இடித்த பிறகு எங்களுக்குக் கொடுத்த வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடும் நாளும் உண்டு. ஓடாத நாளில் நான் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எஸ்தர் பார்த்தாள். என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே, முன்னால் ஏறிப்போனாள்.

இனி கம்பெனிக் கட்டில் ஒன்றுதான் எனக்கு மிச்சம். படுக்க வைத்துக் கட்டிவிட்டால் மேடத்தின் காலில் நான் ஓடுவேன். அதற்கு என் இடுப்பு தேவையில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வளாகத்திலும் அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. அவசரம் இல்லாத காலடி. திருப்பத்தில் ஒரு சின்ன நிறுத்தம், மூச்சை விடும் அளவுக்கு. மறுபடி காலடி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னுடைய நடை அது. என்னிடம் இல்லாமல் போன நடை, படியில் ஏறி என்னிடமே வந்துகொண்டிருந்தது.

வைதேகி மேடம் வந்தார். கையில் கனமான பை. மூச்சு வாங்கவில்லை. முதல் மூன்று மாதம் அவர் காலில் நான் பழக்கியது அங்கேயே தங்கிவிட்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். என்னை அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதும் விதி.

கதவு திறந்தே இருந்தது.

"மிஸ்டர் கோகுல், உங்க கிராஃப் எல்லாம் நல்லாதான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல."

"எடைகூட நல்லாக் குறைஞ்சிருக்கே மேடம்."

"குறையட்டும். காலைல எழுந்தா நெஞ்சு படபடங்குது. எதையோ எடுத்துட்டு ஓடணும் மாதிரி இருக்கு. எதைன்னு தெரியல. போன வாரம் மீட்டிங் நடுவுல எழுந்து வாசலுக்குப் போயிட்டேன். வீட்டை யாரோ இடிக்க வர்றாங்கன்னு தோணுது. சொந்த வீடு கோகுல். இருபத்திரண்டாவது மாடி. யார் வந்து இடிக்கப் போறா?"

கோகுலவாசன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முதல் மூணு மாசம் எடை குறையல, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மூணு மாசம்தான் நான் களைச்சுப் போகாம இருந்தேன். காலேஜ் முடிச்சதுலேர்ந்து அப்படி இருந்ததே இல்ல. சாயங்காலம் எனக்குன்னு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அப்போ இருந்தவங்க யாரோ, அவங்களையே போடுங்க. இல்லேன்னா எனக்கு இது வேண்டாம்."

அவர் ஏதோ கையெழுத்துப் போட உள்ளே நகர்ந்தார். கோகுலவாசன் வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"இவங்க மட்டும் இல்ல. இன்னும் நிறைய பேர் இதையேதான் சொல்றாங்க. பழையபடி ஓட்டுங்கம்மா. மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

"எஸ்தரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

"கூப்பிட்டேன். போனை வெச்சுட்டாங்க." அவர் என் இடுப்பைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். "திங்கட்கிழமை நீங்க பழையபடி ஏறிட்டா முழு நேரம் உங்களுக்குத்தான். முடியாதுன்னா சைட்டுலேர்ந்து புது ஆள் எடுக்கணும்."

அவர் போன பிறகு எழுந்து வராந்தாவில் நடந்து பார்த்தேன். பாதத்தை எந்தப் பக்கம் சாய்ப்பேன்? மூச்சு முதலிலா, கால் முதலிலா? யோசிக்க யோசிக்க நடை இன்னும் தள்ளிப் போனது. எந்தப் பாட்டையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று பாடச் சொன்னால் முதல் வரி வராதது போல நின்றேன்.

மேடம் வெளியே வந்தார். நான் வழியில் நின்றிருந்தேன்.

"மேடம், கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா?"

"நானா? எதுக்கும்மா?"

"நீங்க ஏறி வந்ததைக் கேட்டேன். எனக்கு இடுப்பு சரியில்ல. அப்படி நடந்தா வலிக்காதுன்னு தோணுச்சு."

அவர் சிரித்தார். நல்ல மனசு. பையை பெஞ்சில் வைத்துவிட்டு வராந்தாவில் நடந்து காட்டினார். குதிகால் டக் டக் என்று தரையில் அடித்தது. கழுத்து முன்னால் நீண்டது. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பார்க்க மேடை ஏறுகிறவர் மாதிரி நடந்தார்.

"இப்படித்தானே?" என்றவர், தானே நின்றுவிட்டார். "இல்ல இல்ல. யாராவது பார்த்தா வரமாட்டேங்குது. எப்படி நடக்கிறேன்னு எனக்கே தெரியாதும்மா."

"பரவாயில்ல மேடம்."

அவருடைய போன் அடித்தது. ஆபீஸ் போலிருக்கிறது. பேசிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் போட்டார், பேசிக்கொண்டே படியில் இறங்கினார். பேச்சில் இரண்டு படி கடந்ததும் கால் தன்னை மறந்தது. பாதம் சாய்ந்தது. இடுப்பு பையின் கனத்தை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தது.

நான் பின்னால் இறங்கினேன். சுவரைப் பிடிக்கவில்லை. அவர் கால் வைத்ததும் நான் கால் வைத்தேன், அவர் மூச்சு விட்டதும் விட்டேன். மேலே பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை, அவருடைய முதுகை மட்டும் பார்த்தேன். முதல் திருப்பத்தில் வலித்தது. இரண்டாவது திருப்பத்தில் வலி வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் அவர் பேசி முடித்துவிட்டார். குதிகால் மறுபடி டக் டக் என்றது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல மேடம். வேற யாருக்காவது போன் பண்ணணும்னா பண்ணுங்க. நான் மெதுவா வரேன்."